மீசையை எடுக்கச் சொன்னவர்

பரவை
9.6.2025

அன்பு மருமகள் தாமரைச்செல்விக்கு உன் தாய்மாமன் நல்லகாமன் எழுதுவது.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீ என் முன்னால் போனை வைத்து, சிவப்புப் புள்ளி எரிய, "மாமா, வேலை செய்யுற எடத்துல நீங்க நீங்களா இருக்க முடியுதா?" என்று கேட்ட நிமிடமே உன் அம்மாவிடம், "ஜெயக்கொடி, இந்தப் பேச்சு மெட்ராசு வரைக்கும் போகும் பாரு" என்றேன். போய்விட்டது. என் வாய்க்குச் சர்க்கரை போடத்தான் ஆளில்லை.

போனில் சொல்லாமல் ஏன் தாளில் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ பதிந்துகொள்கிறாய்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் கார் ஷோரூமில் வியாபாரத்தை நிறுத்தி அத்தனை பேரையும் உட்கார வைத்தார்கள். சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்து சுவரில் படம் காட்டினார். இனி எல்லோரும் அவரவராகவே வேலைக்கு வரலாம், ஊரையும் பேச்சையும் மறைக்க வேண்டாம் என்று வகுப்பு. அதற்கு ஆதாரம், பெங்களூரு மேலாண்மைக் கல்லூரியில் ஒரு மாணவி எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை. யாரென்று பார்த்தால் என் மருமகள்! என் நெஞ்சு நாற்பத்தாறு அங்குலம் விரிந்தது. அடுத்த படத்திலேயே சுருங்கியது.

"பேரு வராது மாமா" என்று சத்தியம் செய்தாய். பேர் வரவில்லைதான். 'திரு. ம' என்று போட்டிருந்தாய். ஆனால், 'புது வண்டியின் சாவியைக் கொடுக்கும் முன் பானெட்டில் குனிந்து, பிள்ளைக்குப் பேர் வைப்பதுபோல், வாங்குபவர் பேரை வண்டியிடம் மூன்று முறை சொல்வார்' என்று எழுதிவிட்டாயே! இந்தியாவிலேயே அதைச் செய்கிறவன் நான் ஒருத்தன்தான். நாற்பது தலையும் திரும்பி என்னைப் பார்த்தன.

அதற்குக் கீழே, வேலைக்குச் சேர்ந்த அன்றே மேலாளர் 'ம'வின் மீசையை எடுக்கச் சொன்னாராம். வீட்டில் ஒரு தமிழ், கடையில் ஒரு தமிழாம். நாளெல்லாம் வேறு ஆளாக நடிக்கிறானாம். இங்கிலீஷை எனக்குத் தமிழில் சொன்னது எங்கள் விற்பனைப் பிரிவு அஸ்வினி. சொல்லி முடித்துவிட்டு, "பாவம்ண்ணே நீங்க" என்றாள். பதினோரு வருசத்தில் அங்கே என்னை யாரும் பாவம் என்று சொன்னதில்லை.

என் வீட்டில் கறிசோறு தின்றுகொண்டே இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாயா?

உன் மாமன்,
நல்லகாமன்


பெங்களூரு
17.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வண்டியிடம் பேர் சொல்வதை எழுதியது என் தப்பு. கட்டுரையிலேயே எனக்குப் பிடித்த இடம் அது, வெட்ட மனசு வரவில்லை. மறைப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு உங்களை நாற்பது பேர் முன்னால் காட்டிக்கொடுத்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

ஆனால் 'பாவம்' என்று நான் எழுதவில்லை மாமா. சிலர் வீட்டில் இருக்கிறபடியே ஆபீசுக்குள் நுழையலாம். சிலர் தங்களில் பாதியை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டியிருக்கிறது. அந்தச் சுமை எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை என்றுதான் எழுதினேன்.

இப்போது வேறொரு சிக்கல். உங்கள் மேலாளர் ஹரிநாராயணன் எங்கள் கல்லூரிக்கு எழுதியிருக்கிறார். மீசையைப் பற்றித் தான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார். இதனால் அவர் மேல் விசாரணையாம். என் கட்டுரையே அந்த ஒரு சம்பவத்தின் மேல்தான் நிற்கிறது. ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அவர் எடுக்கச் சொன்னாரா?

அன்புடன்,
தாமரை


பரவை
24.6.2025

அன்பு மருமகளுக்கு,

சொன்னாரா என்றா கேட்கிறாய்? வெளியே பேய்மழை. இடி விழுந்து விளக்கு அணைந்துவிட்டது. அந்த இருட்டில், "மிஸ்டர் நல்லகாமன், மீசையை ரிமூவ் பண்ணுங்க" என்றார். நான் மேசையில் குத்திய குத்தில் கண்ணாடி டம்ளர் மூன்று துண்டு. உடனே எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "கம்பெனி ரூல், நான் என்ன செய்ய?" என்று அழுதேவிட்டார். ஒரு மனுசனின் கண்ணீரைவிட மீசையா பெரிசு? எடுத்துவிட்டேன். இம்புட்டும் நீ எழுதியிருந்தால் உனக்குத் தங்க மெடலே கிடைத்திருக்கும்.

இங்கே புது உத்தரவு வந்திருக்கிறது. எல்லோரும் அவரவராக இருக்க வேண்டுமல்லவா, அதனால் நான் மீசை வளர்க்க வேண்டுமாம். வளர்ந்ததும் வேட்டி கட்டி நிறுத்திப் படம் எடுத்துச் சென்னை அலுவலக வாசலில் மாட்டுவார்களாம். பாதி வெள்ளையாக முளைக்கிறது. சாயம் அவர்களே தருகிறார்கள்.

ஹரிநாராயணன் சாரை விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமைதோறும் எனக்கென்று தனி டப்பாவில் தயிர்சாதமும் வடுமாங்காயும் கொண்டுவருவார். கடைசி டப்பா என்னிடம் இருந்தது. கழுவிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

மாமன்,
நல்லகாமன்


பெங்களூரு
2.7.2025

மாமா,

உங்கள் பதிவைத் திரும்பக் கேட்டேன். "தார் ரோடு உருகுற வெயிலு, அப்பத்தான் கூப்பிட்டாரு" என்கிறீர்கள். இப்போது பேய்மழை. அதில் டம்ளரும் இல்லை, அழுகையும் இல்லை.

சின்ன வயசில், அழகர்மலையில் நீங்கள் சிறுத்தையை அறைந்த கதையைப் பொய்யென்று தெரிந்தேதான் கேட்டேன். இது அப்படியில்லை. மூன்று வருசமாக ஊர் ஊராகப் போய் முப்பத்தாறு பேரிடம் பேசினேன். சொந்த மாமா என்பதால் உங்களிடம் மட்டும்தான் திருப்பிக் கேட்கவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று அதை வெளியிட்ட இதழுக்கு எழுதிவிட்டேன். அவருடைய விசாரணை பதினான்காம் தேதி. உண்மையாக இருந்தால் மட்டும் பதில் போடுங்கள். இல்லையென்றால் எனக்கு எழுதவே வேண்டாம்.

தாமரைச்செல்வி


பரவை
9.7.2025

மருமகளே,

நீ 'அன்புள்ள' போடவில்லை. கவனித்தேன்.

பதினோரு வருசத்துக்கு முன்னால் வேலைக்கு மனு கொடுக்கப் போன அன்று ஷோரூம் சுவரில் ஊழியர்களின் படங்கள் இருந்தன. எண்ணினேன், இருபத்தெட்டு. என்னுடையதைப் போல முறுக்கின மீசை ஒன்றுகூட இல்லை. அத்தனையும் வழித்த முகம். மறுநாள் வேலையில் சேரப் போகும் வழியில் மாட்டுத்தாவணியில் இறங்கி ஒரு சலூனில் உட்கார்ந்தேன். கத்தி பிடித்த பேயாண்டி நம்ம பக்கத்து ஊர்க்காரர். "அண்ணே, நெசமாவா?" என்று இரண்டு தடவை கேட்டார். "எடுப்பா" என்றேன்.

அந்த வருசச் சிவராத்திரிக்குக் குலசாமிப் பெட்டியைத் தூக்குகிற முறை எனக்கு. மீசையில்லாமல் போய் நின்றேன். "என்ன மாப்ள, எந்தக் கோயில்ல எறக்குன?" என்றான் கூட்டத்தில் நின்ற சிவபாண்டி. கூட்டமே சிரித்தது. வேலைக்குப் பயந்து நானே எடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வேன்? "மேனேசரு எடுக்கச் சொல்லிட்டாருடா" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. அத்தனை பேர் கோபமும் அவர் மேல் போனது. எனக்கு அது சுகமாக இருந்தது. பதினோரு வருசமாகச் சொல்லிச் சொல்லி, உன் போனுக்கு முன்னால் தன்னாலே வாயில் வந்துவிட்டது.

இதையெல்லாம் அஸ்வினியை வைத்து இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். எனக்கு வேலை இருக்குமா தெரியாது. முளைத்த மீசையையும் இன்று காலை எடுத்துவிட்டேன். இந்தத் தடவையும் யாரும் சொல்லவில்லை.

சேர்ந்த அன்று அவர் கூப்பிட்டது நிஜம். வெயிலும் நிஜம். மனுவில் ஒட்டியிருந்த படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "மீசை நன்னாத்தானே இருந்தது நல்லகாமன், ஏன் எடுத்தேள்?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். எடுக்கச் சொன்னார் என்பது நான் சேர்த்தது.

நல்லகாமன்