வாசலில் கிடந்த செருப்பு

வைத்திக்குப்பம்
12.6.2006

பாப்பாவின் அப்பாவுக்கு,

மிஷன் விடுதி சிஸ்டர் நேற்று பாப்பாவைக் கூட்டி வந்தார். பிள்ளையை வீட்டோடு இருக்க அனுப்புவதற்கு முன் ஒரு வேளை வீட்டில் சாப்பிட வைத்துப் பார்ப்பது அவர்கள் வழக்கம்.

ஆம்பளை இல்லாத வீடு என்று வெளியில் தெரியக் கூடாதென்று உங்கள் பழைய செருப்பை வாசலில் போட்டு வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் பாப்பா சிஸ்டரின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

“அப்பா உள்ள இருக்காரா?”

“போட் வேலைக்கு நாகப்பட்டினம் போயிருக்காருடி. வா, கொழம்பு ஆறுது.”

அவள் வரவில்லை. தெருவில் நின்றே சாப்பிட்டாள்.

“அவர் திரும்பி வந்தா என்னம்மா பண்ணுவீங்க?” என்று சிஸ்டர் கேட்டார்.

“இந்த வீட்டுக்கு வர மாட்டாரு சிஸ்டர்” என்றேன். அதை நம்பித்தான் வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அனுப்புகிறார்.

குடியை விட்டுவிட்டதாக எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். உங்கள் துணிமணி தவளக்குப்பத்தில் உங்கள் அக்காவிடம் இருக்கிறது. நீங்கள் இங்கே வர வேண்டாம்.

பாப்பாவின் அம்மா