பேர் சொல்லிக் கூப்பிட்டது

ஞாயிறு, இரவு

படுத்தால் அந்தப் பந்துதான் கண்ணில் நிற்கிறது.

கோல்ஃப் ஆடப் போகும் விடியலில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. காலில் போடும் சப்பாத்து முதல் நாளே காருக்குள் போய்விடும். எழுந்ததும் ஒரு கறுப்புக் கோப்பி. பிறகு முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலை அடிவாரத்தில் காரை மெதுவாக்கி, "முருகா" என்று ஒரு கும்பிடு. இன்று எழுந்ததே தாமதம். கும்பிடாமல் பறந்துவிட்டேன்.

என்னோடு ஆடுபவர் முருகன் அண்ணன். மூத்தவர் என்பதால் "அண்ணே" தவிர வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. தன் பந்தைத் தேடி முன்னால் நடந்துகொண்டிருந்தார். நான் பொறுக்காமல் அடித்துவிட்டேன். பந்து வளைந்து அவரை நோக்கியே போனது. "ஃபோர்!" என்று கத்தி எச்சரிக்க வேண்டும். என் வாயில் வந்தது "முருகா!"

அவர் சட்டென்று நின்று திரும்பினார். இன்னும் ஓரடி வைத்திருந்தால் அவர் தலை இருந்திருக்கும் இடத்தைப் பந்து கடந்துபோனது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"என்னா தம்பி, பேரு சொல்லிக் கூப்புடுற அளவுக்கு ஆயிட்டியா? நல்லா இருக்குலா!"

"மன்னிச்சிருங்கண்ணே."

ஆட்டம் முடிந்து பசியாறப் போன ரொட்டிச் சானாய் கடையிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பிய்த்துத் தின்றார். அவர் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு நிறைந்தது.

உங்களைக் கூப்பிடவில்லை அண்ணே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இரண்டு பேருமே அல்லவா திரும்பிப் பார்த்தார்கள்.