இந்த வாரம் உன் பாடு

தம்பிக்கு,

இன்று காலை மேசை இழுப்பறையைத் திறந்தேன், ஏரி வாசனை வந்தது. பழைய சார்ஜர், தலைவலித் தைலம், மை தீர்ந்த பேனாக்கள், எல்லாவற்றுக்கும் அடியில் நீ கொண்டுவந்த மீன் வலை மிதப்பு கிடந்தது. வெளிறிப்போன ஆரஞ்சு நிறம், நடுவில் கயிறு கோக்கிற ஓட்டை. எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவியும் அந்தச் சேற்று வாடை போகவில்லை. பக்கத்து மேசையிலிருந்து திவ்யா எட்டிப் பார்த்து, "அண்ணன் வாசனை அக்கா" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. திவ்யா மேல் இல்லை, உன்மேல்தான். முப்பது வயதுகூட ஆகாத ஒருவன் இப்படி வாசனையாக மிஞ்சலாமா?

உண்மையைச் சொன்னால், குழுவின் வேலையை ஒழுங்குபடுத்துகிற ஸ்க்ரம் மாஸ்டராக நீ வந்த புதிதில் உன்னை எனக்குப் பிடிக்கவில்லை. என்னைவிட மிகச் சின்னவன். ஒரு வரி புரோகிராம் கோடு எழுத மாட்டாய். காலையில் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து, நேற்று என்ன செய்தீர்கள், இன்று என்ன செய்யப் போகிறீர்கள், வேலைக்குத் தடை ஏதாவது உண்டா என்று கேட்பாய். இதற்கு ஒரு சம்பளமா என்று பொருமுவேன். எல்லோரும் மேனேஜர் பிரகாஷ் சாரின் முகத்தைப் பார்த்தே பதில் சொல்வார்கள், வீட்டுப்பாடம் ஒப்பிக்கிற பிள்ளைகளைப் போல. உரக்கப் பேசுகிறவர்கள் மட்டும் பேசுவார்கள். என் முறை வந்தால் "தடை எதுவும் இல்லை" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவேன்.

தடை இல்லாமலா? நம்முடையது சிறிய மருத்துவமனைகளுக்கு டோக்கன் போடுகிற மென்பொருள். காலையில் வெளிநோயாளிகள் வரிசையில் நிற்கும் நேரம் பார்த்து எங்காவது டோக்கன் வராது. உடனே எனக்குப் போன். பழைய கோடு எனக்குத்தான் தெரியும் என்று பெயர் எடுத்திருந்தேன். அதனால் சப்போர்ட் முழுக்க என் தலையில். அதோடு மற்றவர்களுக்கு உள்ள ஸ்பிரின்ட் வேலையும் எனக்கு உண்டு. ஸ்பிரின்ட் என்றால் இரண்டு வாரம். அதற்குள் முடிப்பதாக ஒப்புக்கொண்ட வேலை ஒவ்வொரு தடவையும் எனக்கு மட்டும் மிச்சம் விழும். வேலைகளை எழுதி ஒட்டுகிற பலகையில் என் பெயருக்குக் கீழே நகராமல் நிற்கிற அட்டைகளை அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போவார்கள். பிள்ளைகளை வளர்த்துவிட்டு வேலைக்குத் திரும்பியவள் நான். கேட்டதற்கெல்லாம் தலையாட்டினால்தான் வைத்துக்கொள்வார்கள் என்று ஒரு பயம் உள்ளே உட்கார்ந்திருந்தது. 'முடியாது' என்ற சொல் தொண்டைவரை வரும், வெளியே வராது. கடைசியில் வேலையையே விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். என் சம்பளம் நின்றால் வீடு தள்ளாடும் என்று தெரிந்தும்தான்.

உன்னிடம் முதலில் சொல்லிவிடலாம் என்றுதான் அன்றைக்கு ஆரம்பாக்கத்தில் ரயிலின் பெண்கள் பெட்டிக்குப் போகாமல் உன்னோடு ஏறினேன். உன் ஊர் சுண்ணாம்புக்குளத்திலிருந்து பைக்கை விரட்டிக்கொண்டு வந்த நீ, மீன் கூடைகளுக்கு நடுவில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாய். ஆனால் நான் எங்கே பேசினேன்? வண்டி பொன்னேரியைத் தாண்டும்வரை போன் விடவில்லை. ஒரு மருத்துவமனை போனை வைத்தால் இன்னொன்று. நீ பார்த்துக்கொண்டே வந்தாய்.

"இன்னாக்கா, தெனமும் இப்டித்தானா?"

"ஆமாம்பா."

"அப்பறம் தடை இருக்குதான்னு கேட்டா இல்லன்ற?"

"அத்த சொன்னா கொற சொல்றா மாதிரி இருக்காதா?"

நீ சிரிக்கவில்லை. வேலையை விடப் போவதைச் சொன்னேன்.  "ஒரு ஸ்பிரின்ட் குடுக்கா. அப்பயும் போவணும்னு தோணுச்சின்னா நானே மாலை போட்டு அனுப்பறேன்" என்றாய்.

மறுநாள் வந்ததுதான் இந்த மிதப்பு. யார் கையில் மிதப்பு இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும், மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்றாய். முதல் ஆளாக என்னிடம்தான் தூக்கிப் போட்டாய். பிடிக்கத் தெரியாமல் கீழே விட்டேன், அது உருண்டு பிரகாஷ் சாரின் ஷூவில் போய் நின்றது. எல்லோரும் சிரித்த சிரிப்பில் எனக்கு எப்படியோ வாய் திறந்துவிட்டது. சப்போர்ட்டால் என் வேலை எதுவும் நகரவில்லை என்று சொன்னேன். குரல் நடுங்கியது. அதையும் எல்லோரும் கேட்டார்கள்.

அதற்கு நீ சொன்ன வழியைத்தான் முதலில் யாரும் நம்பவில்லை. உங்கள் குப்பத்தில் ஏரியின் மீன்பிடி இடங்களை முறை வைத்து மாற்றிக்கொள்வார்களாம். அந்த முறைக்குப் பெயர் பாடு. நல்ல இடமும் மட்டமான இடமும் எல்லோருக்கும் சுற்றி வரும். "இன்னிக்கி என் பாடுன்னா அந்த எடத்துல வேற எவனும் வலை போட மாட்டான் சார். சப்போர்ட்டயும் அப்டி வச்சிக்கலாம். ஆளுக்கு ஒரு வாரம்" என்றாய். சீட்டுக் குலுக்கினோம், எந்த வாரம் யார் என்று மருத்துவமனைகளுக்கும் பட்டியல் அனுப்பினோம். கோடு எழுதாத உன் பெயரும் அதில் இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "கூட்டத்துல சேந்தவன் எல்லாருக்கும் உண்டு" என்றாய்.

முதல் சீட்டு திவ்யாவுக்கு விழுந்தது. அவள் டெஸ்டர், நாங்கள் செய்து முடித்ததைச் சோதிப்பவள், பழைய கோடு எதையும் பார்த்ததே இல்லை. முதல் நாளே போனை வைத்துக்கொண்டு கண் கலங்க நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கையிலிருந்து போனை வாங்கி ஐந்து நிமிடத்தில் சரிசெய்து கொடுத்தேன். பாராட்டுவாய் என்று நினைத்தேன். நீ முகம் சிவந்து வந்து நின்றாய்.

"இன்னாக்கா இப்டி பண்ணிட்ட? அவ பாட்ட நீ புடுங்கிட்டியே."

"உதவிதானேப்பா செஞ்சேன்."

"பக்கத்துல குந்திகினு சொல்லித் தா, யாரு வேணான்னா? வலைய நீ போடாத. ஏரில இத்த பண்ணியிருந்தா பஞ்சாயத்துல நிக்க வச்சிருப்பாங்க."

எனக்குச் சுருக்கென்றது. வாழ்க்கை முழுக்க அடுத்தவர் வேலையை இழுத்துப் போட்டுச் செய்வதை நல்ல குணம் என்று நினைத்து வந்தவள் நான். அது இன்னொருவரின் முறையைப் பறிப்பதாகும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அபராதமாக எல்லோருக்கும் போண்டா வாங்கி வரச் சொன்னாய். வாங்கி வந்தேன், கோபத்தோடுதான். நீயே அதிகமாகத் தின்றாய். அந்த வாரக் கடைசியில் திவ்யா தனியாக ஒரு மருத்துவமனையின் சிக்கலைத் தீர்த்துவிட்டு நாற்காலியில் இருந்து குதித்தாளே, அப்போதுதான் எனக்குக் கோபம் போனது.

அடுத்து வந்தது என் வாரம். வழக்கம்போல பிரகாஷ் சார் நடுவில் வந்து, புது வாடிக்கையாளர் ஒருவருக்கு அவசரமாக ஒரு ரிப்போர்ட் வேண்டும், நான்தான் செய்ய வேண்டும் என்றார். என் தலை தானாக ஆடத் தொடங்கியது. நீ மிதப்பை எடுத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாய்.

"சார், இது அக்கா பாடு. பாடு நடக்கற வாரம் வேற வேலை கெடையாது."

"இது ஆபீஸ்பா, ஏரி இல்ல."

"சரி சார். அக்கா கைல இருக்கறதுல எத்த வுட்டுட்டு இத்த எடுக்கணும்? அத்த மட்டும் நீங்க சொல்லிடுங்க."

அவர் பலகையைப் பார்த்தார். ஒவ்வொரு அட்டையாகப் படித்தார். எதையும் எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. "மேல இருக்கறவங்க என் கழுத்துல கத்தி வைக்கிறாங்கப்பா" என்றபோது அவர் குரல் உடைந்தது. அதுவரை அவருக்கும் மேலே ஒருவர் இருப்பதை நான் யோசித்ததே இல்லை. நீ அவரை டீக்கடைக்கு அழைத்துப் போனாய். திரும்பி வந்து இருவருமாக உட்கார்ந்து, ரிப்போர்ட் அடுத்த ஸ்பிரின்ட்டில் வரும் என்று அந்த வாடிக்கையாளருக்கு எழுதினீர்கள். அவர்கள் சரி என்று பதில் போட்டார்கள். வேலையை விடப்போகிற பேச்சை அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை, நீயும் கேட்கவில்லை. உன் வாரம் வந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர, போனை எடுத்துச் சரிசெய்தது நீதான்.

உன் அப்பாவை, நீ சொல்கிற நைனாவை, ஒருமுறை ஆரம்பாக்கம் பிளாட்பாரத்தில் பார்த்தேன், நினைவிருக்கிறதா? நீ டீ வாங்கப் போயிருந்தாய். என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "ஏம்மா, அவன் கோடு எழுதறது இல்லியாம், நீதான் எழுதறியாம். அப்ப அவனுக்கு இன்னாத்துக்குமா சம்பளம் குடுக்கறாங்க?" நான் சிரித்துவிட்டு, "எங்க வலையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சிக்காம பாத்துக்கறாருப்பா" என்றேன். அவர் நம்பவில்லை. "வலை தானா எங்கமா சிக்குது, அதுக்கு ஒரு சம்பளமா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு காய்ச்சல் என்று லீவு போட்டாய். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நாங்களும் நினைத்தோம். திங்கள் வந்துவிடுவேன் என்று செய்தி அனுப்பினாய். வரவில்லை. எப்படி நடந்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உனக்குத் தெரியாததும் இல்லை.

உன் காரியத்துக்கு எல்லோரும் உங்கள் குப்பத்துக்கு வந்தோம். பிரகாஷ் சார் மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று அழுதார். உன் நைனா அழவில்லை. என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"அங்க அவன் மொறைன்னு ஒண்ணு வருமாமே. வூட்ல அதே பேச்சுதான் பேசுவான். அது இன்னா ஆச்சுமா?"

நான் மணலைப் பார்த்தேன். பெயரை எடுத்துவிடுவார்கள் என்று எப்படிச் சொல்வேன்? அவரே புரிந்துகொண்டார்.

"இங்க அப்டி ஒடனே எடுத்துர மாட்டோம்மா" என்றார். "ஆளு போய்ட்டாலும் அவன் பேர்ல ஒரு மொறை வலை போடுவோம். யாராச்சும் ஒருத்தன் போடுவான். வலைல வுழறது அவன் வூட்டுக்கு."

அலுவலகம் திரும்பியபோது உன் இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். நல்ல பெண். முறைப் பட்டியலில் உன் பெயரை அழித்துவிட்டு அடுத்த பெயரை மேலே ஏற்றிக்கொண்டிருந்தாள். அவள் மேல் தப்பில்லை. நான் மிதப்பை எடுத்தேன். "ஒரு முறை மட்டும் இருக்கட்டும்மா. அவனுக்காக நான் நிற்கிறேன்" என்றேன். திவ்யா எழுந்து வந்து அழித்த இடத்தில் உன் பெயரை மறுபடி எழுதினாள்.

அந்த முறைதான் இந்த வாரம். புதன்கிழமை பிரகாஷ் சார் என் மேசைக்கு வந்தார். பழக்கம் எங்கே போகும்? "ஒரு சின்ன ரிப்போர்ட்மா, அரை நாள் வேலைதான்" என்றார். என் தலை ஆடவில்லை, தம்பி. "முடியாது சார். இந்த வாரம் அவன் பாடு" என்றேன். எவ்வளவு எளிதாக வந்தது தெரியுமா? எனக்காக இத்தனை வருடம் வராத சொல், உனக்காக வந்துவிட்டது. அவர் பலகையில் உன் பெயரைப் பார்த்தார். "மறந்துட்டேன்மா" என்று சொல்லிவிட்டு மெல்லத் திரும்பிப் போனார். அடுத்த சுற்றில் என் வாரம் வரும்போதும் இதைச் சொல்ல வருமா என்று தெரியவில்லை. சொல்லிப் பார்க்கிறேன். உன் மிதப்பு என்னிடம்தானே இருக்கிறது.

இன்று காலை ஒரு போன். ஒரு சின்ன மருத்துவமனையின் வரவேற்பில் இருக்கும் அம்மா. குழந்தைகள் மருத்துவர் வருகிற நாள், கூட்டம் வாசல்வரை நிற்கிறது, டோக்கன் வரவில்லை என்று பதறினார். பேசிக்கொண்டே சரிசெய்தேன். டோக்கன் வரத் தொடங்கியதும் அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. வைப்பதற்கு முன்னால் கேட்டார்:

"இந்த வாரம் அந்தத் தம்பிதானே எடுக்கணும்? பதறாதம்மா, நான் இருக்கேன்னு சொல்லிக்கினே பண்ணுவாரே. லீவா?"

மிதப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"அவர் வாரந்தாம்மா" என்றேன். "அவருக்காக நான் எடுக்கறேன்."

"அப்ப அவருகிட்ட சொல்லிடுங்க. கொழந்தைங்க யாரும் ரொம்ப நேரம் காத்துனு இருக்கலன்னு."

சொல்லிவிட்டேன், தம்பி. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்து உன் நைனாவிடமும் சொல்லப் போகிறேன். இந்த வாரம் விழுந்தது இதுதான். உன் வீட்டுக்குத்தானே போய்ச் சேர வேண்டும்.

அக்கா