பலகையின் அடியில் எழுதிய பேர்

என் பிரியமான மதினிக்கு,

நம் கடையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மேகம் இறங்கி எதிர்க் கடையே தெரியவில்லை. மூஞ்சிக்கல் ஏற்றத்தில் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போகிறது. நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. அண்ணன் நன்றாக இருக்கிறான். டாக்ஸி ஓட்டுகிறான், நேரத்துக்குச் சாப்பிடுகிறான். ஆனால் யாராவது எதையாவது கேட்டால், "கமலத்தைக் கேட்டுச் சொல்றேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிடுகிறான். சொன்ன பிறகு துணியை எடுத்துக்கொண்டு வண்டிக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விடுகிறான்.

நீங்கள் இருந்தபோது ஒரு நாளும் நான் உங்களுக்கு நன்றி சொன்னதில்லை. ஒரே வீட்டில் இருப்பவர்கள் எங்கே அதையெல்லாம் சொல்லிக்கொள்கிறார்கள்? ஆனால் ஒரு காரியத்துக்கு மட்டுமாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தபோதெல்லாம், "போய் சோலியைப் பாரு" என்று விரட்டினீர்கள். இப்போது விரட்ட முடியாது. அதனால் நாலு பேர் படிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

நம்மைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேனே. நீங்கள் ஒட்டன்சத்திரத்துப் பெண். காய்கறிக் கமிஷன் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தவர், என் அண்ணனைக் கட்டிக்கொண்டு கொடைக்கானலுக்கு வந்தீர்கள். நானோ கட்டிய வீட்டை விட்டு, ஒரு துணிப்பையோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றின் தச்சுப் பட்டறையில் கூட்டிப் பெருக்கப் போன இடத்தில், உளி பிடிக்கவும் மரம் இழைக்கவும் பழகியிருந்தேன். அது வீட்டில் யாருக்கும் ஒரு விஷயமாகவே தெரியவில்லை. உங்களுக்குத்தான் தெரிந்தது. "நீ பலகை செய், நான் எழுதுறேன். ஆளுக்கொரு கை" என்றீர்கள். ஏரியைச் சுற்றியுள்ள தங்கும் விடுதிகளுக்கும் பேக்கரிகளுக்கும் பேரிக்காய்த் தோட்டத்து வீடுகளுக்கும் சில்வர் ஓக் பலகையில் பேர் எழுதிக் கொடுக்கும் நம் கடை அப்படித்தான் ஆரம்பித்தது.

முதல் பலகையிலேயே நமக்குள் சண்டை வந்தது ஞாபகம் இருக்கிறதா? கீழ் மூலையில் சின்னதாக உங்கள் பேரைப் போடுங்கள் என்றேன். நீங்கள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அவுக பேரை எழுதத்தானே நம்மகிட்ட வாராக? அதுல நம்ம பேரு எதுக்கு?"

"கல்யாணப் பத்திரிகையில அச்சாபீஸ் பேரு போடலையா மதினி?"

"ஆக்கிப் போடுற சோத்துல பேரு எழுதியா வைக்கிறோம்? தின்னவுகளுக்குத் தெரியும், யாரு ஆக்குனதுன்னு."

அதோடு சரி. வேறு எதில் நான் அடம்பிடித்தாலும் விட்டுக்கொடுப்பீர்கள். இதில் மட்டும் அசையவில்லை. உங்கள் எழுத்து ஊர் முழுக்கத் தொங்கியது. அந்த 'ழ'வின் வாலைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். ஆனால் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு நீங்கள் யாரென்று தெரியாது. எனக்கு அது பொறுக்கவில்லை.

அப்போதுதான் வெள்ளையம்மா வந்தார். கீழ்மலையில் மூங்கில்பள்ளம் என்ற பளியர் பழங்குடிக் குடியிருப்பு அவருடைய ஊர். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர். ஊருக்குப் போகும் பாதை இரண்டு இடங்களில் பிரிகிறது. வெளியாட்கள் வந்தால் தவறாமல் வழிதப்பிப் போய்விடுகிறார்கள். இரண்டு பிரிவிலும் நிறுத்த இரண்டு பலகை வேண்டும் என்றார். மருமகள் நிறைமாதமாக இருந்தாள். ஆம்புலன்ஸ் ஊரைக் கண்டுபிடித்து வர வேண்டுமே என்ற கவலை அவருக்கு.

நீங்கள் அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, டீ கொடுத்து, வழி முழுவதையும் சொல்லச் சொன்னீர்கள். முதல் பிரிவு பலா மரத்தடியில், அங்கே இடது. இரண்டாவது பிரிவு பாலத்துக்குப் பக்கத்தில், அங்கே வலது. நீங்கள் அந்தப் பக்கம் போனதே கிடையாது. ஆனாலும் பழைய காலண்டர் தாளில் பாதையை வரைந்து, "இப்படியாம்மா? இங்கன ஓடை வருமா?" என்று ஒவ்வொரு வளைவையும் கேட்டீர்கள். இரண்டு அம்புக்குறி எழுத இத்தனை கேள்வியா என்று எனக்கு அலுப்பாக இருந்தது.

நீங்கள் எழுதி முடித்துச் சமைக்கப் போன பிறகு நான் ஒரு வேலை செய்தேன். இரண்டு பலகையின் அடியிலும், உங்கள் எழுத்தைப் போலவே இழுத்து இழுத்து, 'எழுதியவர்: கமலம்' என்று எழுதினேன். பக்கத்தில் கடை போன் நம்பரையும் போட்டேன். ராத்திரி சுவர்ப் பக்கம் திருப்பிக் காயவைத்து, விடிந்ததும் நீங்கள் பார்ப்பதற்குள் சாக்கில் சுற்றி ஜீப்பில் ஏற்றிவிட்டேன். நட்டுவிட்டு வரப் போகிறவள் நான்தானே, உங்களுக்கு எப்படித் தெரியும் என்ற தைரியம்.

அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. ஜீப்காரர், "வெரசா ஆகட்டும்க்கா, ஓடையில தண்ணி வந்தா திரும்ப முடியாது" என்று அவசரப்படுத்தினார். நான் குழி தோண்டி, பலகையை இறக்கி, கல் போட்டு இறுக்கிவிட்டு வந்தேன். பலா மரத்தடியில் நட வேண்டியதைப் பாலத்தருகிலும், பாலத்தருகில் நட வேண்டியதைப் பலா மரத்தடியிலும் நட்டிருக்கிறேன். இரண்டிலும் ஒரே ஊர்ப் பேர். அம்பு மட்டும்தான் மாறும். அதை நான் பார்க்கவே இல்லை. ஊர்க்காரர்களும் கவனிக்கவில்லை. வழி தெரிந்தவர்கள் எதற்குப் பலகையை நிமிர்ந்து பார்க்கப் போகிறார்கள்?

மூன்றாம் நாள் மத்தியானம் போன் வந்தது. நீங்கள்தான் எடுத்தீர்கள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ப்ரஷ் கழுவிக்கொண்டிருந்தீர்கள்.

"கமலங்களா? போர்டுல உங்க பேரும் நம்பரும் போட்டிருக்கு, அதான் கூப்பிட்டேன். நான் ஆம்புலன்ஸ் டிரைவர்ங்க, இந்தப் பக்கத்துக்குப் புதுசு. மூங்கில்பள்ளத்துல ஒரு பிரசவக் கேஸு. போர்டு காட்டுன பக்கம் போனா எஸ்டேட் கேட்டு பூட்டிக் கெடக்கு. திரும்பி வந்து போர்டுகிட்டதான் நிக்கிறேன். ஊர்க்காரங்க போன் கெடைக்க மாட்டேங்குது."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். உங்களுக்குத் தெரியாமல் பேர் போட்டதும், அந்தப் பேருக்கு மேலேயே ஒரு பெரிய தப்பு நிற்பதும், இரண்டும் அந்த ஒரே பார்வையில் உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

"தம்பி, பக்கத்துல பலா மரம் இருக்கா?"

"இருக்குங்கம்மா."

"அப்ப இடது பக்கம் போங்க. போர்டை நம்பாதீங்க, நான் சொல்றதை மட்டும் கேளுங்க. ஒரு ஓடை வரும், பயப்படாம எறங்குங்க. அதுக்கப்புறம் பாலம். பாலத்துக்கிட்ட வலது. போனை வைக்காதீங்க."

போகாத ஊருக்கு நீங்கள் வழி சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். ப்ரஷ்ஷிலிருந்து நீல பெயிண்ட் உங்கள் சேலையில் சொட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தடவை லைன் விட்டுப்போனது. நீங்கள் மறுபடி மறுபடி போட்டீர்கள். கடைசியில், "ஆளுங்க தெரியுறாங்கம்மா, கை காட்டுறாங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தீர்கள். என்னைத் திட்டுவீர்கள் என்று நின்றேன். "டீ போடு" என்றீர்கள். அவ்வளவுதான்.

மலை இறங்கும் வழியில், வண்டிக்குள்ளேயே, பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்று சாயங்காலம் வெள்ளையம்மா போன் பண்ணிச் சொன்னார். நீங்கள் அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். அழுதீர்களா மதினி? நான் கேட்கவே இல்லை.

மறுநாள் வெள்ளனே இரண்டு பேரும் கிளம்பிப் போனோம். பலா மரத்தடியில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். குழந்தையின் தகப்பன் மாரி, ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவன், பலகையைக் கையால் அடித்துக் காட்டினான்.

"இங்க யாரு கமலம்? எம்பொண்டாட்டிக்கு ஒண்ணு ஆயிருந்தா யாரு பதில் சொல்றது?"

நான் வாயைத் திறந்தேன். என் மணிக்கட்டை நீங்கள் அழுத்திப் பிடித்தீர்கள். இன்றும் அந்தப் பிடி தெரிகிறது.

"நான்தாங்க கமலம். தப்பு எங்க மேலதான். கோபப்படுறது நியாயம். மாத்தி நட்டுட்டுப் போறதுக்குத்தான் வந்திருக்கோம்."

என் பேரை நீங்கள் சொல்லவில்லை. 'இவதான் நட்டா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது பொய்யில்லையே. கட்டிய வீட்டில் என்னைப் பற்றிக் குறை சொல்வதற்கென்றே ஆள் இருந்தார்கள். உப்பு கூடினாலும் நான்தான், பால் பொங்கினாலும் நான்தான். நான் நிஜமாகவே தப்புச் செய்த இடத்தில் என் முன்னால் வந்து நின்றவர் நீங்கள் ஒருவர்தான். இதற்குத்தான் மதினி நன்றி. இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன்.

மாரி பலகையிலிருந்து கையை எடுத்தான். வெள்ளையம்மாதான் பேசினார்.

"விடுறா. இதுக்கு முன்னால ஒரு தகர போர்டு நட்டுட்டுப் போனாங்க. ஊர் பேரையே தப்பா எழுதியிருந்துச்சு. யாரு எழுதுனதுன்னு தெரியாம நாலு வருசம் தப்புப் பேரோடயே கெடந்தோம். இந்த அம்மா பேரு இருந்ததால டிரைவர் கூப்பிட்டாரு, வந்து நிக்கிறாங்க பாரு."

பிறகு மாரியே கடப்பாரை எடுத்து வந்து எனக்குக் குழி தோண்டித் தந்தான்.

திரும்பி வரும்போதுதான் ஒட்டன்சத்திரத்துக் கதையைச் சொன்னீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கமிஷன் கடைக்கு நீளமாகப் போர்டு எழுதி, ஆசையாக மூலையில் 'கமலம்' என்று போட்டிருக்கிறீர்கள். லாரி நிறுத்துகிறவர்கள் அந்தப் பேரைச் சத்தமாக வாசித்துச் சிரித்திருக்கிறார்கள். பொம்பளைப் பிள்ளை பேர் கடைத்தெருவில் தொங்குவதா என்று உங்கள் கூடப்பிறந்தவரே ஏணி போட்டு ஏறி, வெள்ளை பெயிண்ட் அடித்து அழித்திருக்கிறார். "நானும் கீழ நின்னு ஏணியைப் பிடிச்சுக்கிட்டேன் ஜெயா" என்றீர்கள். ஜீப் ஆட்டத்தில் உங்கள் குரலும் ஆடியது.

இது தெரியாமல் அல்லவா உங்கள் பேரை உங்களைக் கேட்காமல் ஊருக்குள் கொண்டுபோய் நட்டேன்! மன்னிப்புக் கேட்டேன். அதற்கு நீங்கள் கேட்டது வேறு.

"உன் பேரை ஏன் போடலை?"

"நான் எழுதலையே மதினி."

"மரம் அறுத்தது யாரு? தூக்கிட்டுப் போய் நட்டது யாரு? இனிமே போட்டா ரெண்டு பேரையும் போடு. பெருமைக்குன்னு போடாத. தப்புன்னா நம்மளைத் தேடி வரணும், அதுக்குப் போடு."

அன்றிலிருந்து 'மரம்: ஜெயா, எழுத்து: கமலம்' என்று போட்டோம். வேண்டாம் என்ற கடைக்காரர்களிடம் நீங்கள் சண்டைக்குப் போகவில்லை. "அப்ப பின்னாடி போட்டுக்கிறோங்க" என்று பலகையின் முதுகில் எழுதினீர்கள். கல்லறைத் தோட்டத்துக்குச் செய்த பலகையில் மட்டும் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. "இது அவுக இடம்" என்றீர்கள். எங்கே போட வேண்டும், எங்கே கூடாது என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? என்னைக் கேட்டால் எனக்கு இன்னும் பாதி இடத்தில் குழப்பம்தான்.

இனி இப்போதைய சேதி. போன வாரம் ஏரிப் பக்கம் புதிதாகத் தங்கும் விடுதி திறக்கப் போகிற அம்மா ஒருவர் வந்தார். நல்ல மாதிரி. உங்கள் காரியத்துக்கும் வந்திருந்தாராம். பலகை எழுதக் கேட்டார். நான் இப்போது எழுத்தும் எழுதுகிறேன் மதினி, சுமாராக. 'ழ' இன்னும் சாய்கிறது. அதைச் சொன்னேன்.

"பரவால்லங்க. ஆனா கீழ கமலம்மா பேரைப் போட்டுருங்க. டூரிஸ்ட்டுங்க அந்தப் பேரைத் தேடி வந்து போட்டோ எடுக்குறாங்க. அவங்களுக்கும் மரியாதைதானே?"

"ரெண்டு நாள் டைம் குடுங்க" என்றேன். ஊர் முழுக்க உங்கள் பேர் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டவளே நான்தானே. இன்னும் நூறு பலகையில் எழுதிவிட்டுப் போகலாம். யார் கேட்கப் போகிறார்கள்? அண்ணனும், "போட்டாத்தான் என்ன, அவ பேருதானே" என்றான். இரண்டு நாள் யோசித்தேன். பலகையை இழைத்துக்கொண்டே யோசித்தேன்.

பிறகு அந்த அம்மாவிடம் சொன்னேன். "மதினி பேரைப் போட முடியாதுங்க. இதை அவுக எழுதலை. நாளைக்கு இதுல ஒரு தப்பு வந்தா, அவுகளால வந்து நிக்க முடியாது. நான் வருவேன்."

அவர், "அப்ப உங்க பேரையே போடுங்க" என்றார். போட்டேன். மரத்துக்கும் எழுத்துக்கும் சேர்த்து என் பேர் மட்டும் தனியாக நின்றதைப் பார்க்க எப்படியோ இருந்தது. நேற்று காலையில் நானே கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தேன். அம்பு இல்லாத பலகைதான், ஆனாலும் பேரையும் இடத்தையும் மூன்று தடவை சரிபார்த்தேன். சிரிக்காதீர்கள்.

மதினி, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நீங்கள் எழுதாத ஒரு எழுத்தின் கீழும் உங்கள் பேர் வராது. நீங்கள் எழுதிய எதிலிருந்தும் அது போகவும் விடமாட்டேன். மலை மழையில் எனாமல் உரியத்தான் செய்யும். உரிந்த இடத்தில் உங்கள் கோட்டின் மேலேயே கோடு போட்டுப் புதுப்பிப்பேன். அடியில், உங்கள் பேருக்கும் கீழே, 'புதுப்பித்தது ஜெயா' என்று எழுதுவேன். கை தவறினால் என்னிடம்தான் வர வேண்டும், உங்களிடம் இல்லை.

உங்கள் கையைப் பிடித்து வளர்ந்த கடையிலிருந்து,
என்றும் உங்கள் நாத்தனார்,
ஜெயா