பிரேக்கை மிதித்தால் அணையும் டாக்சி

செவ்வாய்க்கிழமை. கரண்ட் இல்லை.

மகன் கணேசனின் டாக்சி இன்றைக்கும் லான்மடாவ் ராணுவ செக்போஸ்டில் நிறுத்தும்போது அணைந்துவிட்டது. சிப்பாய்கள் அவனை இறக்கி வயதைக் கேட்டார்களாம். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற வயதுதான் அவனுக்கு. வயதைக் கேட்ட சிப்பாய் இவன் முகத்தை மறக்க மாட்டான். அப்படிப்பட்ட சிப்பாய்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம் பானெட்டைத் திறந்தோம். பிரேக்கை மிதித்தால், மிதியை லேசாக்கும் பூஸ்டர் ஓட்டை விழுந்து உஸ்ஸென்று காற்றை இழுக்கிறது, எஞ்சின் திணறுகிறது. பூஸ்டருக்குப் போகிற குழாயைக் கழற்றி அடைத்தேன். எஞ்சின் சீராக ஓடியது. ஆனால் பிரேக் கல்லாகிவிட்டது, வண்டி நிற்கவே மாட்டேன் என்கிறது. வேறு பூஸ்டர் எந்தக் கடையிலும் இல்லை.

"நாளைக்கு எப்படிடா ஓட்டுவே?" என்றேன்.

"குழாயைத் திரும்ப மாட்டுங்கப்பா. அணைஞ்சு நின்னா கேள்விதான் கேப்பான். நிக்காமப் போனா சுட்டுடுவான்."

மாட்டிவிட்டேன். அவன் தூங்குகிறான்.