திரை போட்ட வாசல்

மார்ச் 4, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் இன்று ஒரே கூட்டம். ஊருக்கே ஒரே நாளில் பார்வை மங்கிவிட்டது போல. கண்ணாடிச் சட்டங்களைத் திருகித் திருகி விரல் நுனி எரிகிறது. நடுவில் பல் டாக்டரம்மா போன் செய்தார். எங்கள் சனிக்கிழமை ஓவியக் குழுவை நடத்துகிறவர் அவர்தான். "கண்காட்சிக்கு அந்தச் சமையலறைப் படத்தைக் கொண்டு வர்றீங்க. பேரை அச்சுக்குக் கொடுத்தாச்சு." கேட்கவில்லை, சொன்னார். நானும் "சரிங்க" என்றுவிட்டேன்.

என்ன காரியம் செய்தேன்? இத்தனை வருஷம் வரைந்ததெல்லாம் பீரோவுக்குப் பின்னால் நிம்மதியாகத்தானே கிடந்தது.

மார்ச் 6, வியாழன்

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கண்காட்சியின் கடைசி மாலை, வரைந்தவர் தன் படத்தின் பக்கத்தில் நிற்க வேண்டும். வருகிறவர்கள் வாய்க்கு வந்ததைப் பேசலாம். வரைந்தவர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் படத்தை அங்கேயே இறக்கிவிடுவார்கள். போன வருஷம் ஒருவர் பொறுக்க முடியாமல் "அது மரம் இல்லைங்க, மாடு" என்று சொல்லிப் படத்தோடு வீட்டுக்குப் போனார்.

அக்காவிடம் போனில் சொன்னேன். "உனக்கென்ன தலையெழுத்து? வரைஞ்சியா, பார்த்தியா, உள்ள வை. ஊர் வாயில விழுந்து எழுந்திருக்கணுமா?"

யாருமே பார்க்காத படம் ஒரு படமா? தெரியவில்லை. ஆனால் என் பயம் ஊர் வாயைப் பற்றியது இல்லை. படத்தில் இவர் இருக்கிறார், என் வீட்டுக்காரர்.

மார்ச் 9, ஞாயிறு

எழுதித்தான் பார்க்கிறேனே. சமையலறை. மேசையில் குனிந்து வரைகிற ஒரு பெண். வாசல் நிலையில் கை வைத்தபடி அவள் புருஷன், சிரித்துக்கொண்டு. அவ்வளவுதான் படம். அந்தச் சிரிப்பைப் பிடிக்க ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று. கோபமே இல்லாத சிரிப்பு. "முடிஞ்சுதாம்மா?" என்று கேட்கும். கேட்டுவிட்டு நகராது. நான் தூரிகையைக் கழுவுகிறவரை அங்கேயே நிற்கும்.

இவர் கெட்டவர் இல்லை. வங்கியிலும் தெருவிலும் தங்கமான மனுஷன் என்றுதான் பெயர். கை ஓங்கியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. அதனாலேயே யாரிடமும் சொல்லி அழ எனக்கு ஒன்றும் இல்லை. என்னன்னு சொல்றது? என் புருஷன் சிரிக்கிறார்னா?

மார்ச் 10, திங்கள்

மகள் பார்த்துவிட்டாள். "இது அப்பா அப்படியேம்மா. பாவம்."

யார் பாவம் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

இவரும் பார்த்தாயிற்று. நானேதான் காட்டினேன், எப்படியும் அங்கே வந்து பார்க்கத்தானே போகிறார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"நல்லாருக்கும்மா. இந்த வாசல் பக்கம் மட்டும் கொஞ்சம் அடைசலா இருக்கு. ஒரு திரைச்சீலை போட்டுட்டா எடுப்பா இருக்கும். சும்மா தோணுச்சு, சொன்னேன். உன் இஷ்டம்."

என் இஷ்டமாம்.

மார்ச் 15, சனி

திரை போட்டாயிற்று. பச்சை. மடிப்பெல்லாம் எவ்வளவு அழகாக வந்திருக்கிறது, சனியன்.

மார்ச் 23, ஞாயிறு

கண்காட்சியின் கடைசி மாலை முடிந்து வந்தாயிற்று. இப்போதே எழுதிவிட வேண்டும்.

படத்தருகில் நின்றேன். இவர் வங்கி ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு முன்னால் நின்றிருந்தார். ஒருவர் பாத்திரமெல்லாம் பளபளவென்று இருக்கிறது என்றார். ஒரு பெண் நிறம் மந்தமாக இருக்கிறது என்றாள். உறைக்கவேயில்லை. இதற்கா இப்படிப் பயந்து செத்தேன் என்றிருந்தது.

அப்புறம் பல் டாக்டரம்மா, சொத்தைப் பல்லைத் தேடுகிற மாதிரி படத்தின் மேல் குனிந்தார். "இந்தப் பொண்ணு கழுத்தைப் பாருங்க. வாசல்ல யாரோ நிக்கிற மாதிரி விறைச்சுப் போயிருக்கு. அங்க பார்த்தா திரை. திரையைப் பார்த்து யாருங்க பயப்படுவாங்க? மத்ததெல்லாம் நிஜம். இந்தத் திரை பொய். வரைஞ்சவங்களுக்குத் தைரியம் பத்தல."

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் நின்றேன். தப்பாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அத்தனையும் சரி, அதுதான் வலித்தது.

உடனே இவர் எனக்காகப் பரிந்து பேசினார். படத்தில் இருந்த அதே சிரிப்போடு. "அவ கொஞ்சம் கூச்ச சுபாவங்க. அந்தத் திரையை ரொம்ப ஆசையா வரைஞ்சா. வீட்டுலயும் அப்படித்தான், எதையும் மூடி மூடி வைக்கிறவ." எல்லோரும் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள்.

நானா? நானா மூடி வைக்கிறவ? ஆசையா வரைஞ்சேனா—

"அங்க இவர்தான் நின்னுக்கிட்டிருந்தார்" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். "மூடச் சொன்னார். மூடிட்டேன்."

பல் டாக்டரம்மா வந்து படத்தை ஆணியிலிருந்து இறக்கிச் சுவரோரம் வைத்தார். "வழக்கம் வழக்கம்தாம்மா" என்றார். போகிறபோது என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

காரில் பின்சீட்டில் படம். வீடு வரும்வரை இவர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

பேசவில்லை.

மார்ச் 26, புதன்

பேசவில்லை. கார் சாவி எங்கே என்று என்னிடம் கேட்க மகளை அனுப்பினார். அடுத்த அறையில்தான் இருந்தேன். நான் பேசியது தப்பா? தப்பு இல்லை. பிறகு ஏன் தப்புச் செய்தவள் மாதிரி கதவை ஓசைப்படாமல் சாத்துகிறேன்?

ஏப்ரல் 2, புதன்

காலையில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலே கேட்டார். "அவ்வளவு மோசமாவா நின்னேன்?"

"மோசமா எல்லாம் நிக்கலைங்க. நின்னீங்க. அவ்வளவுதான்."

லேஸைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினார். "அடுத்த தடவை என்னைப் போடுறதா இருந்தா போட்டுக்கோ. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடு, போதும்."

இவரைப் பொறுத்தவரை இது பெரிய மனசுதான், எனக்குத் தெரியும். இத்தனை வருஷப் பழக்கத்தில் "சரிங்க" என்றேன். கதவு சாத்தியதும் என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

நனைந்த பிறகு முக்காடு எதற்கு? கடைக்கு விடுப்புச் சொன்னேன். புதுக் கேன்வாஸ் ஒன்றைச் சட்டத்தில் இழுத்து அடித்தேன். முதலில் வாசல். மத்தியானத்துக்குள் இவருடைய தோள்வரை வந்துவிட்டது. முகத்தை நாளைக்குப் போடுவேன்.

இவரிடம் சொல்லவில்லை.