உன் மாமாவின் நாற்காலிக்குள் நான் வைத்துத் தைத்தது

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம், அப்பா நலம், ஊசி மாற்றிய பிறகு தையல் மெஷினும் நலம். உன் மாமா ஒருவர்தான் நலமில்லை, அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, மாற்றுச் சட்டை எடுத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாயா, அந்த அறையின் ஜன்னலைச் சரி செய்து கொடுத்தார்களா என்றெல்லாம் கேட்க வேண்டும், கேட்டதாகவே வைத்துக்கொள். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் மாமா பேச்சை எடுத்ததுமே, விடும்மா அது பழசு என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். கடிதமென்றால் என்னை நடுவில் நிறுத்த முடியாது.

உனக்கு அது பழசாக இருக்கலாம், எனக்கு இன்னும் ஆறவில்லை. நீ வேலை பார்த்த, டிக்கெட் போடும் அந்த ஆபீசில் உன் சொந்த மாமாவே, என் கூடப் பிறந்தவனே, எல்லாரும் பார்க்க உன் நாற்காலிமேல் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறையைப் போட்டு டேப் ஒட்டிவிட்டு, புது நாற்காலி பாரு, கறை படிஞ்சுட்டா யாரு துடைக்கிறது என்று சொன்னதை நான் எப்படி விடுவேன்? முதுகிலும் மார்பிலும் தொடையிலும் பதினைந்து வயதிலிருந்தே உனக்கு வியர்வை ஊற்றுகிறது, அது அழுக்கில்லை, சோம்பேறித்தனமில்லை, உடம்பின் கோளாறு என்று அவனுக்குத் தெரியாதா? பிளாஸ்டிக் மேல் உட்கார்ந்தால் இன்னும் வியர்க்கும் என்றுகூடவா தெரியாது? நீ அசையும்போதெல்லாம் அது கிறீச் கிறீச்சென்று கத்தும், பக்கத்து மேஜைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள் என்று நீ சொன்னது என் காதிலேயே இருக்கிறது. நாலு மாதம் அதன்மேல் உட்கார்ந்திருந்தாய். பிறகு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாரையும் தெரியாத ஊருக்குப் போய்விட்டாய். போன அன்று அந்த உறையையும் மடித்துக் கொண்டுவந்து, உனக்கு வேலைக்கு ஆகும்மா என்று நம் குஷன் கடையில் போட்டுவிட்டுப் போனாயே, நான் அதைத் தூக்கி எறியவில்லை. ஃபோம் அடுக்குகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தேன்.

போன மாதம் உன் மாமா ஆபீஸ் நாற்காலிகள் அத்தனையும், அன்றைக்குப் புதிது என்றானே அதுவும் சேர்த்து, தேய்ந்துபோய் ஸ்பாஞ்சு மாற்ற நம் கடைக்கு வந்தன. சொந்தத் தங்கச்சி கடை இருக்கும்போது வெளியே எதற்கு என்று உன் அத்தைதான் அனுப்பிவைத்தாளாம். அவனுக்கு வெட்கமே இல்லை என்று முதலில் கொதித்தேன், அப்புறம்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. யாருடைய நாற்காலி எது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம் என்பது உனக்குத் தெரியும். பழைய ஸ்பாஞ்சு அமுங்கியிருக்கிற பள்ளத்தைப் பார்த்தே ஆளைச் சொல்வேன். உன் மாமா கால்மேல் கால் போட்டு இடப்பக்கம் சாய்ந்து உட்காருகிறவன், அவன் பள்ளம் ஒரு பக்கம் கிணறாக இருந்தது. அந்த நாற்காலியை மட்டும் தனியாக வைத்தேன். மற்றதெல்லாம் முடிந்த பிறகு, ஃபோமுக்கும் துணிக்கும் நடுவில் அதே உறையை, உன் உறையை, சுருக்கமில்லாமல் விரித்துத் தைத்து, அடியில் பின் அடித்து மூடினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. அப்பாவிடம் சொன்னேன், அவர் டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார். மறுநாள் நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கியதும் அவர்தான்.

பத்து நாள்கூட ஆகவில்லை. உன் மாமா கடை வாசலில் வந்து நின்றான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. என்னமோ தெரியல, கொஞ்ச நாளா உடம்பெல்லாம் ஊத்துது என்றான். நான் மூஞ்சியை ஒன்றும் தெரியாததுபோல் வைத்துக்கொண்டு, ஐயோ பாவம் அண்ணா என்றேன். அவன் தெரு முனை திரும்பும்வரை அடக்கிக்கொண்டிருந்துவிட்டுப் பின்பக்கம் போய்ச் சிரித்தேன். வாடிக்கையாளர் முன்னால் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பேசுகிறானாம், கடைசியில் எழுந்திருக்கும்போது பின்பக்கத்தை ஃபைலால் மறைத்துக்கொள்கிறானாம். நீ பையால் மறைத்துக்கொண்டு நடப்பாயே, அதே மாதிரி. எனக்கு வயிறு குளிர்ந்துபோனது. பொய் சொல்லவில்லை, அந்த மூன்று வாரம் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன்.

இதற்கு நடுவில்தான் உன் கடிதம் வந்தது. அங்கே இருக்கிற டாக்டர் மாத்திரை என்கிறார், கூட வேலை செய்கிறவள் நரம்பை வெட்டும் ஆபரேஷன் செய்துகொள் என்கிறாள், என்ன செய்வதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். அதை எடுத்துக்கொண்டு நம் தோல் டாக்டரம்மாவிடம் போனேன். பொறுமையாகப் படித்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உள்ளங்கை, பாதம் என்றால் தண்ணீர்த் தட்டில் வைத்து லேசாகக் கரண்ட் விடும் மெஷின் இருக்கிறதாம். அக்குள் என்றால் ஊசி போடலாமாம். உனக்கு முதுகு, மார்பு, தொடை என்று பெரிய இடமெல்லாம் இருக்கிறதே, அவ்வளவு இடத்துக்கும் ஊசி போட்டால் உடம்பைச் சல்லடையாக்க வேண்டியதுதான், பூசுகிற மருந்தையும் அத்தனை இடத்தில் தினம் பூசினால் தோல் எரியும், எங்கே அதிகமோ அங்கே மட்டும் ராத்திரியில் உடம்பை நன்றாகத் துடைத்துவிட்டுப் பூசிப் பார்க்கலாம் என்றார். ஆபரேஷனைக் கேட்டதும் தலையை ஆட்டினார். அது கைக்குச் செய்வது, அதைச் செய்துகொண்ட பலருக்குக் கை காய்ந்து முதுகும் வயிறும் முன்னைவிட அதிகமாக வியர்க்க ஆரம்பித்துவிடும், பிறகு வெட்டியதை ஒட்ட முடியாது என்றார். ஆகவே உனக்கு முதலில் மாத்திரைதான், சின்ன அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்ற வேண்டும். வாய் காயும், கண் கொஞ்சம் மங்கலாம், மலச்சிக்கல் வரலாம். வியர்க்காத உடம்பு சூட்டை வெளியே விடாது, அதனால் வெயிலில் ஓடியாடக் கூடாது. கண்ணில் அழுத்தம் இருக்கிறவர்களும் சிறுநீர் சரியாகப் போகாதவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. இன்னொன்றும் சொன்னார், அப்போது நான் அதைக் காதில் சரியாக வாங்கவில்லை. உன் மாதிரிச் சின்ன வயதில் வருவது தூங்கும்போது நின்றுவிடும், அது வேறு. நடு வயதுக்கு மேல் திடீரென்று உடம்பெல்லாம் வியர்த்தால், அதுவும் தூக்கத்திலும் வியர்த்தால், உள்ளே ஏதோ இருக்கிறது, முதலில் ரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்றார்.

அடுத்த வாரம் உன் அத்தை வந்தாள். உட்கார்ந்ததுமே அழ ஆரம்பித்துவிட்டாள். உங்க அண்ணன் பாதியா இளைச்சுட்டாரு, கை நடுங்குது, நெஞ்சு படபடன்னு அடிக்குதாம், டாக்டர்கிட்ட போக வெட்கப்படுறாரு, நம்ம பாப்பாவுக்கு டாக்டர் சொன்ன மாத்திரை பேரை மட்டும் கேட்டுட்டு வரச் சொன்னாரு, தானே வாங்கிப் போட்டுக்கிறாராம் என்றாள். அதையும் நான் ரசித்துக்கொண்டுதான் கேட்டேன். பிறகு அவள், விடியுறதுக்குள்ள தலையணை உறையைப் பிழியலாம் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாற்காலி ஆபீசில்தானே இருக்கிறது, படுக்கையில் ஏன் வியர்க்க வேண்டும்? டாக்டரம்மா சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. மாத்திரை பெயரைச் சொல்லவில்லை. அவன்மேல் பாசம் பொங்கிவிட்டது என்று நினைக்காதே. அவன் கண்டதையும் விழுங்கி ஏதாவது ஆகிவிட்டால் அப்புறம் நான் யாரைப் பழி வாங்குவது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை பின் பிடுங்கும் குறடோடு அவன் ஆபீசுக்கே போனேன். எந்திரி என்றேன், எழுந்தான். நாற்காலியைத் தூக்கி அவன் மேஜைமேலேயே கவிழ்த்தேன். எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிறார்கள். என் பிள்ளையை எதுமேல உட்கார வெச்சியோ அதை இதுக்குள்ள வெச்சுத் தெச்சேன், மூணு வாரமா அதுமேலதான் உட்கார்ந்திருக்கே என்று தொண்டை கிழியக் கத்தினேன். கத்திவிட்டு அடிப்பக்கத்தைப் பார்த்தால் பின்கள் சாய்வாக இருக்கின்றன. நான் அடித்தால் நேராக விழும். சாய்வாக அடிக்கிற இடதுகைக்காரர் நம் வீட்டில் ஒருவர்தான் இருக்கிறார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் பிடுங்கினேன். உள்ளே உறை இல்லை. அதற்குப் பதிலாக வெள்ளைப் பருத்தி விரிப்பு ஒன்று, காற்று நன்றாகப் போகட்டுமென்று ஓட்டை ஓட்டையாகத் தைத்தது. அந்த ஆபீசிலேயே காற்றோட்டமான நாற்காலி உன் மாமாவுடையதுதான்! என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மூன்று வாரம் நான் சிரித்த சிரிப்பெல்லாம் வீண். குறடைப் பையில் போட்டுக்கொண்டு, அப்போ இது உன் உடம்போட வேலைதான், மாத்திரை கீத்திரை வாங்காதே, இன்னைக்கே டாக்டர்கிட்ட போ என்று சொல்லிவிட்டு வந்தேன். போனான். கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி தலைகால் தெரியாமல் வேலை செய்கிறதாம், அதனால்தான் எல்லாம். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் இதயத்தையும் கெடுத்திருக்கும் என்றார்களாம். மருந்து ஆரம்பித்தாயிற்று, வியர்வை குறைய வாரக்கணக்கில் ஆகும்.

அப்பாவோடு மூன்று நாள் நான் பேசவில்லை. நாலாம் நாள், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று பிடித்துக்கொண்டேன். நீ அவரை ஏசு, அடி, நான் குறுக்க வரல, நம்ம தையலை நம்பி உட்கார்றவங்களை நாற்காலியால பழி வாங்கக் கூடாது என்றார். எனக்கு இன்னும் கோபம்தான். ஆனால் அன்று என்னையே நான் கேட்டுக்கொண்ட ஒன்றை உனக்கு எழுத வேண்டும். நீ முதல் நாள் அழுதுகொண்டு வந்து உறையைப் பற்றிச் சொன்னபோது, சொந்த மாமாதானே, கொஞ்சம் பொறுத்துக்கோ என்று உன்னைத் திருப்பி அனுப்பியவள் நான்தான். நாலு மாதம் உன்னை அதன்மேல் உட்கார வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. அவன்மேல் இவ்வளவு ஆத்திரம் வந்ததில் பாதி என்மேல் வந்த ஆத்திரம். என்னை மன்னித்துவிடு கண்ணே.

போன செவ்வாய் உன் மாமா கடைக்கு வந்தான். பெஞ்சில் உட்காரத் தயங்கினான், ஈரம் படுமே என்று. இப்பத்தான் புரியுது, பாப்பாவுக்கு நான் ரொம்ப வருத்தப்பட்டேன்னு எழுதிடு என்றான். என் கை அதை எழுதாது, நாளைக்கு ஆபீசுக்கு வரேன் என்றேன். அப்பாவிடம் கேட்டேன், மறுபேச்சில்லாமல் அந்த உறையை எடுத்துக் கொடுத்தார். கொண்டுபோய் எல்லார் கண் முன்னாலும் அவன் நாற்காலிமேல் விரித்தேன், நான்கு பக்கமும் டேப் ஒட்டினேன். ஒளித்துவைத்துத் தைக்கவில்லை, பட்டப்பகலில்தான் செய்தேன். இதிலே உட்கார்ந்து உன் கையாலேயே எழுது என்றேன். அதைப் பார்த்ததும் அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. உட்கார்ந்தான். கிறீச்சென்றது. உன்னைப் பார்த்துச் சிரித்தவள் கம்ப்யூட்டர் திரையைவிட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. நாலு வரி எழுத அரை மணி நேரமாயிற்று, ஒவ்வொரு தடவை அசையும்போதும் கிறீச், நான் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன். எழுதி முடித்துவிட்டு, கை ஈரத்துல எழுத்தெல்லாம் கலைஞ்சுடுச்சு, வேற தாள்ல திரும்ப எழுதித் தரேன் என்று கெஞ்சினான். கொடுக்கவில்லை, பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். படிப்பதானால் படி, கிழித்துப் போடுவதானால் போடு, மன்னிக்கச் சொல்லி நான் உன்னைக் கேட்க மாட்டேன், நானும் இன்னும் மன்னிக்கவில்லை. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், எங்கே உட்கார்ந்தாலும் நிமிர்ந்து உட்கார வேண்டும். அந்த டாக்டரிடம் மாத்திரையைப் பற்றி இந்த வாரமே பேசு, ஆபரேஷன் என்று எவள் சொன்னாலும் கையெழுத்துப் போடாதே, தண்ணீர் நிறையக் குடி. அப்பா ஒரு பருத்தி விரிப்பு தைத்திருக்கிறார், உன் நாற்காலிக்காம், தனியாக அனுப்புகிறோம். பின்குறிப்பாக எழுதினால் கவனிக்க மாட்டாய் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மாமா எழுதியதில் கடைசி வரியில் மை பரவியிருக்கும். கண்ணீர் என்று நினைத்து மனம் இளகிவிடாதே, அது வியர்வைதான்.

உன் பக்கம் அன்றைக்கு நிற்காத, இன்றைக்கு நிற்கிற,
அம்மா